போட்டோ எப்படிய்யா வெளிய போச்சு? - ஒரு குட்டி வரலாறு

டிஸ்கி: தலைப்பைப் பாத்துட்டு வேற எதையோ தேடி வந்திருந்தீங்கன்னா மன்னிக்கணும், கடை மாறி வந்துட்டீங்க. இங்க படமும் கிடையாது, லிங்க்கும் கிடையாது. பறிகொடுத்தவங்க பேரையும் முடிஞ்ச வரைக்கும் தவிர்த்திருக்கேன். இது திருடினவங்களைப் பத்தின பதிவு.

பிரபலமான யாரோட போன் படமாவது நெட்ல வெளிய வந்தா, டீக்கடையில இருந்து எங்க ஆபீஸ் கேண்டீன் வரைக்கும் ரெண்டே ரெண்டு பதில்தான் கேக்கும். ஒண்ணு, "ஹேக் பண்ணிட்டாங்கப்பா". ஏதோ மலையாள மாந்திரீகம் மாதிரி, அதோட கதை முடிஞ்சுது. ரெண்டாவது, "அதையெல்லாம் போன்ல ஏன் எடுக்கணும்?". இதுலயும் கதை முடிஞ்சுது. படம் எந்த வழியா வெளிய போச்சுங்கற கேள்விய மட்டும் யாரும் தொடர்ந்து கேக்கறதே இல்ல.

பொட்டி தட்டிப் பொழைக்கறவன்ங்கறதால எனக்கு அந்த மூணாவது கேள்வி மேலதான் ஆர்வம். ஒரு சிஸ்டம் உடைஞ்சா எங்க உடைஞ்சுதுன்னு தேடுறது எங்க தொழில். அதனால இந்த மாதிரி நாலு பெரிய சம்பவங்களை எடுத்துக்கிட்டு, முதல் நாள் என்ன சொன்னாங்க, வழக்கு முடிஞ்சப்போ என்ன தெரிஞ்சுதுன்னு பக்கத்துல பக்கத்துல வெச்சுப் பாத்தேன். கிட்டத்தட்ட ஒவ்வொரு தடவையும் முதல் நாள் பேச்சு வேற, கடைசியில வெளிய வந்த வழி வேற.

முதல் சம்பவம்: 2005, ஒரு போன் கால்

பிப்ரவரி 2005. பாரிஸ் ஹில்டனோட சைட்கிக் 2 போன்ல இருந்த போன் நம்பர்கள், குறிப்புகள், படங்கள் எல்லாம் நெட்ல வந்துடுச்சு. (நான் அப்போ ரெண்டாம் கிளாஸோ மூணாம் கிளாஸோ. நியாயமா இது உங்கள்ல பல பேருக்கு என்னை விட நல்லா ஞாபகம் இருக்கணும்.) அவங்க நம்பர் மட்டும் இல்ல, அவங்க போன்ல நம்பர் இருந்த பாவத்துக்கு எத்தனையோ நட்சத்திரங்களுக்கு முன்பின் தெரியாதவங்க எல்லாம் கூப்பிட ஆரம்பிச்சு, பல பேர் நம்பரையே மாத்த வேண்டி வந்துச்சு.

அன்னிக்கு சொன்ன காரணங்கள் ரெண்டு. ஒண்ணு, பக்கத்துல நின்னு ப்ளூடூத் வழியா உருவிட்டாங்கன்னு. ஒரே ஒரு சின்னப் பிரச்சனை என்னன்னா, சைட்கிக் 2ல ப்ளூடூத்தே கிடையாது :-) இன்னொண்ணு, பாஸ்வேர்ட் மறந்தா கேக்கற கேள்வி செல்ல நாயோட பேர், அந்த நாயோட பேர் ஊருக்கே தெரியும், அதை வெச்சு உள்ள போயிட்டாங்கன்னு. கேக்க ரொம்பப் பொருத்தமாத்தான் இருந்துச்சு.

மே 2005ல வாஷிங்டன் போஸ்ட்ல வந்த செய்தி வேற கதை சொல்லிச்சு. அந்தக் கூட்டத்துல இருந்த ஒரு பையன் சொன்னது இதுதான். கலிஃபோர்னியாவுல ஒரு டி-மொபைல் கடைக்கு, தலைமை ஆபீஸ்ல இருந்து பேசற மாதிரி போன் பண்ணியிருக்காங்க. உங்க கடையில கஸ்டமர் அக்கவுண்ட் பாக்கற சாஃப்ட்வேர் சரியா ஓடலைன்னு கேள்விப்பட்டோம், சரி பண்ணணும்னு ஆரம்பிச்சு, உள்ளுக்குள்ள பயன்படுத்தற இணையதள முகவரி, யூசர்நேம், பாஸ்வேர்ட் எல்லாத்தையும் பேச்சுவாக்குல வாங்கிட்டாங்க. அதுல நுழைஞ்சு நம்பரைக் கண்டுபிடிச்சு, சைட்கிக் வாடிக்கையாளர் யாரோட பாஸ்வேர்டையும் மாத்திவிட முடியற ஒரு ஓட்டையை டி-மொபைல் தளத்துல ஏற்கனவே கண்டுபிடிச்சு வெச்சிருந்ததால, மிச்ச வேலை சுலபமா முடிஞ்சுது. 2005 செப்டம்பர்ல, மாசசூசெட்ஸைச் சேர்ந்த 17 வயசுப் பையன் ஒருத்தனுக்கு 11 மாசம் சிறார் காவல் தண்டனை கிடைச்சுது.

இதுல கவனிக்க வேண்டிய விஷயம் ஒண்ணு இருக்கு. போனை யாரும் தொடவே இல்ல. சைட்கிக்கோட சிறப்பே அதுதான். அதைத் தயாரிச்ச டேஞ்சர் கம்பெனி (ஆமா, கம்பெனி பேரே அதான்! ஆண்ட்ராய்டுக்குப் பின்னால இருந்த ஆண்டி ரூபின் இதோட நிறுவனர்கள்ல ஒருத்தர்) போன்ல இருக்கற எல்லாத்தோட பிரதியையும் தன்னோட சர்வர்ல வெச்சிருந்துச்சு. போன் தொலைஞ்சாலும் தகவல் பத்திரம். கிளவுட்ங்கற பேர் பிரபலமாகறதுக்கு முன்னாடியே கிளவுட். வசதி வந்த அதே வாசல் வழியாத்தான் திருடனும் வந்தான்.

ரெண்டாவது: 2008, ரிப்பேர் கடை

ஜனவரி 2008 கடைசியில ஹாங்காங்கே ஸ்தம்பிச்சுது. நடிகர் எடிசன் சென் எடுத்த அந்தரங்கப் படங்கள் ஒவ்வொண்ணா நெட்ல வர ஆரம்பிச்சுது. இது கேமரா படம், போன் படம் இல்ல. ஆனா வழி நமக்கு ரொம்பப் பழக்கமானது, அதனால சேத்துக்கறேன்.

வழி என்னன்னா, அவரோட லேப்டாப் ரிப்பேருக்குப் போச்சு. அவ்வளவுதான். படங்களை முன்னாடியே அழிச்சிட்டதா அவர் நினைச்சிருந்தார். ஃபைலை டிலீட் பண்றதுன்னா வீட்டை இடிக்கறது இல்ல, வாசல்ல இருக்கற பேர்ப்பலகைய மட்டும் கழட்டறதுங்கறது நம்ம தொழில்ல எல்லாருக்கும் தெரியும். அந்த இடத்துல புதுசா எதையாவது எழுதற வரைக்கும் பழைய தகவல் அங்கயேதான் உக்காந்திருக்கும். கடையில வேலை பாத்த டெக்னீஷியன் படங்களைப் பிரதி எடுத்துட்டார். 2009 ஏப்ரல்ல அவர் குற்றவாளின்னு தீர்ப்பு வந்து, மே மாசம் எட்டரை மாசம் சிறைத்தண்டனை ஆச்சு. எடிசன் சென் ஹாங்காங் வரப் பயந்ததால, அவரோட சாட்சியத்தை கனடாவுல வான்கூவர் கோர்ட்ல வெச்சு வாங்கினாங்க.

இங்கதான் எனக்குத் தொண்டையில முள்ளு குத்துது. பிரதி எடுத்தது டெக்னீஷியன். பரப்பினது ஊர்ல இருக்கற எல்லாரும். ஆனா பிப்ரவரி 2008ல பத்திரிகைக்காரங்க முன்னாடி நின்னு, அறியாத்தனமா இருந்துட்டேன்னு மன்னிப்பு கேட்டது படத்துல இருந்த ஒரு பாடகி. பொருள் பறிகொடுத்தவங்களே கைகட்டி மன்னிப்பு கேக்கற ஒரே திருட்டு வழக்கு உலகத்துல இதுவாத்தான் இருக்கும்.

மூணாவது: 2011, "பாஸ்வேர்ட் மறந்துவிட்டதா?"

ஃப்ளோரிடா மாநிலம் ஜாக்சன்வில்லைச் சேர்ந்த ஒரு ஆள். கம்ப்யூட்டர் மேதை எல்லாம் இல்ல. 2010 நவம்பர்ல இருந்து 2011 அக்டோபர் வரைக்கும், 50 பேருக்கு மேல மெயில் கணக்குகளுக்குள்ள புகுந்திருக்கார். ஹாலிவுட் நடிகைகள், பாடகிகள் எல்லாம் அதுல அடக்கம். ஒரு நடிகை தன் போன்ல தானே எடுத்த படங்கள் உலகம் பூரா சுத்திச்சு.

எப்படி? "பாஸ்வேர்ட் மறந்துவிட்டதா?" பட்டனை அமுக்கறது. அது கேக்கற கேள்விகளுக்கு, நெட்ல பொதுவாக் கிடைக்கற தகவலை வெச்சுப் பதில் சொல்றது. பிரபலம்னா பிறந்த ஊர், படிச்ச பள்ளிக்கூடம், செல்லப்பிராணி எல்லாமே பேட்டியில இருக்குமே! 2005ல ஹில்டன் விஷயத்துல தப்பா யூகிச்ச அதே வழி, 2011ல நிஜமாவே நடந்துச்சு.

ஆனா அந்த ஆள் பண்ணின இன்னொரு வேலைதான் என்னை அசர வெச்சுது. உள்ள போனதும் மெயில் செட்டிங்ஸ்ல, வர்ற மெயில் எல்லாத்தையும் தன் முகவரிக்கு ஃபார்வர்டு பண்ணச் சொல்லி வெச்சுட்டு வந்துடுவார். அப்புறம் உரிமையாளர் பாஸ்வேர்டை மாத்தினாலும் பிரயோஜனம் இல்ல. பூட்டை மாத்தியாச்சு, ஆனா போஸ்ட்மேன் தினமும் இன்னொரு வீட்டுலயும் ஒரு பிரதி போட்டுட்டுப் போறார். வீட்டுல இருந்த கம்ப்யூட்டரை எஃப்.பி.ஐ. எடுத்துட்டுப் போன பிறகும், வேற கம்ப்யூட்டர்ல உக்காந்து தொடர்ந்திருக்கார் மனுஷன். டிசம்பர் 2012ல 10 வருஷம் தண்டனை. அந்த வழக்குல பிரபலமே இல்லாத ரெண்டு பெண்களும் இருந்தாங்க, அவரால வருஷக்கணக்கா நொந்து போனவங்க. செய்தித்தாள் தலைப்புல அவங்க வரவே இல்ல. இந்த மாதிரி குற்றத்துல பெரும்பான்மை அந்த ரெண்டு பேர் மாதிரி ஆளுங்கதான்னு நான் நினைக்கறேன்.

நாலாவது: 2014, எல்லாரும் சேந்து தப்பா யூகிச்ச கதை

ஆகஸ்ட் 31, 2014. நான் ப்ளஸ் டூ. 4சான் தளத்துல கிட்டத்தட்ட 500 படங்கள், பெரும்பாலும் ஹாலிவுட் நடிகைகளோடது, கொத்தா வந்து விழுந்துச்சு. பெரும்பாலானது ஆப்பிள் ஐகிளவுட்ல இருந்து வந்ததுன்னு சொன்னாங்க.

இதுல துப்பறியறவங்களுக்கு ஒரு சூப்பர் தடயம் கிடைச்சுது. அதுக்கு முந்தின நாள்தான் ஐப்ரூட்னு ஒரு குட்டி பைத்தான் ஸ்க்ரிப்ட் கிட்ஹப்ல வந்திருந்துச்சு. ஆப்பிளோட "ஃபைண்ட் மை ஐபோன்" சேவையில, தப்பான பாஸ்வேர்டை எத்தனை தடவை போட்டாலும் பூட்டாதுங்கற ஓட்டையைப் பயன்படுத்தி, அதிகமாப் புழங்கற 500 பாஸ்வேர்டை வரிசையாப் போட்டுப் பாக்கற ஸ்க்ரிப்ட். செப்டம்பர் 1ஆம் தேதி ஆப்பிள் அந்த ஓட்டையை அடைச்சுது. நேத்து ஸ்க்ரிப்ட், இன்னிக்குப் படம், நாளைக்கு ஓட்டை அடைப்பு. கேஸ் முடிஞ்சுதுன்னு எல்லாரும் எழுதினாங்க.

ஆனா கொஞ்சம் நிதானமா யோசிச்சா இடிக்குது. ஒரே நாள்ல அத்தனை பேரோட ஐடியும் கண்டுபிடிச்சு, பாஸ்வேர்ட் போட்டு, ஜிபி கணக்குல இறக்கி, அதுல தேடி எடுக்க முடியுமா? அதுவும் இல்லாம, ஒரு நடிகை இதெல்லாம் எப்பவோ அழிச்ச படங்கள்னு சொன்னாங்க. அப்போ அழிக்கறதுக்கு முன்னாடியே யாரோ எடுத்து வெச்சிருக்கணும், இல்ல வேற எங்கயோ ஒரு பிரதி தங்கியிருக்கணும். ரெண்டுல எதுவா இருந்தாலும் இது ஒரு ராத்திரி வேலை இல்ல. மாசக்கணக்கா, வருஷக்கணக்கா சேத்த சரக்கு ஒரே நாள்ல சந்தைக்கு வந்திருக்கு.

வழக்குகள் வர வர அதுதான் உறுதியாச்சு. பென்சில்வேனியாக்காரர் ஒருத்தர், நவம்பர் 2012ல இருந்தே ஆப்பிள், கூகுள் அனுப்பற மாதிரி போலி மெயில் அனுப்பி, குறைஞ்சது 50 ஐகிளவுட் கணக்கு, 72 ஜிமெயில் கணக்குக்குள்ள போயிருக்கார். அக்டோபர் 2016ல 18 மாசம் சிறை. சிகாகோக்காரர் ஒருத்தர், 300 கணக்குக்கு மேல, ஜனவரி 2017ல 9 மாசம். இன்னொரு சிகாகோக்காரருக்கு 2018ல 16 மாசம். கனெக்டிகட்காரர், சுமார் 240 கணக்கு, அதே 2018ல 8 மாசம். கடைசியா வர்ஜீனியாவுல ஒரு முன்னாள் பள்ளிக்கூட வாத்தியார், 2019ல 34 மாசம். அவர் ஃபேஸ்புக் பக்கத்தைப் படிச்சு ரகசியக் கேள்விகளுக்கும் பதில் கண்டுபிடிச்சிருக்கார். இந்த அஞ்சு வழக்குலயும் பேசப்பட்டது போலி மெயிலும், ரகசியக் கேள்வியும்தான். ஐப்ரூட் ஸ்க்ரிப்ட் இல்ல.

அப்போ ஆப்பிள் மேல தப்பே இல்லையா? 40 மணி நேரத்துக்கும் மேல ஆராய்ஞ்ச பிறகு, எங்க சிஸ்டம் எதுவும் உடையலை, யூசர்நேம், பாஸ்வேர்ட், ரகசியக் கேள்விய குறிவெச்சுத் தாக்கியிருக்காங்கன்னு செப்டம்பர் 2ஆம் தேதி சொன்னாங்க. வார்த்தைக்கு வார்த்தை சரி. ஆனா முழு உண்மையில பாதிதான். 2011 அக்டோபர்ல ஐகிளவுட் பேக்கப் வந்துச்சு. ராத்திரி போனை சார்ஜ்ல போட்டுத் தூங்கினா, வைஃபை இருந்தா, போன் தானா மேல ஏத்திடும். மார்ச் 2013ல ரெண்டு கட்டப் பாதுகாப்பு கொண்டு வந்தாங்க. கடையில பாட்டு வாங்கறதுக்கு அந்தப் பாதுகாப்பு உண்டு, மொத்த போனோட பேக்கப்பையும் இறக்கறதுக்கு இல்ல! யாராவது பேக்கப்பை வேற மெஷின்ல இறக்கினாலும் உரிமையாளருக்கு ஒரு மெயில்கூடப் போகாது. போலீஸ் துப்பறியறதுக்காக ஒரு ரஷ்யக் கம்பெனி வித்த மென்பொருள் இருந்துச்சு. பாஸ்வேர்ட் தெரிஞ்சா போதும், மொத்த பேக்கப்பையும் அள்ளிடும். படச் சந்தைக்காரங்க கைக்கும் அது போயிருந்துச்சு. அறிக்கை விட்ட அதே செப்டம்பர் மாசத்துல, எச்சரிக்கை மெயில் அனுப்புவோம்னு டிம் குக் சொன்னார், ரெண்டு கட்டப் பாதுகாப்பும் ஐகிளவுட்டுக்கு வந்துச்சு. ஒண்ணுமே உடையலைன்னா எதுக்கு அவ்வளவு அவசரமா மராமத்து?

சரி, இதுல இருந்து என்ன தெரியுது?

நாலு சம்பவத்துலயும் சினிமாவுல வர்ற மாதிரி பச்சைக் கலர் எழுத்து ஓடற ஹேக்கிங் பெரிசா இல்ல. ஒரு போன் கால். ஒரு ரிப்பேர் கடை. ஒரு கேள்வி-பதில். ஒரு போலி மெயில். அத்தனையும் நம்பிக்கைய ஏமாத்தின வேலை. அடுத்தது, எல்லாத்துலயும் உரிமையாளருக்குத் தெரியாத ஒரு பிரதி இருந்துச்சு. சர்வர்ல, ஹார்ட் டிஸ்க்ல, ஃபார்வர்டு ஆன மெயில்ல, பேக்கப்ல. நம்ம கண்ணுக்குப் படம் ஒரு இடத்துலதான் இருக்கு. நிஜத்துல அது எத்தனை இடத்துல இருக்குன்னு அதை டிசைன் பண்ணின எஞ்சினியருக்குத்தான் தெரியும்.

அதனாலதான் "ஏன் எடுத்தாங்க?"ங்கற கேள்வி எனக்குப் பிடிக்கறதே இல்ல. அவங்க தன் போன்ல எடுத்தாங்க. மேல ஏத்தினது டிஃபால்ட் செட்டிங். நாயோட பேரைக் கேட்டா கதவு திறக்கற மாதிரி வெச்சது எங்களை மாதிரி பொட்டி தட்டறவங்க. ரகசியக் கேள்வி எவ்வளவு ஓட்டைன்னு 2009லயே ஆராய்ச்சி வந்தாச்சு. மெயில் பாஸ்வேர்டைக்கூட தர யோசிக்கற அளவு பழக்கம் உள்ளவங்களாலயே 17 சதவீதப் பதில்களை யூகிக்க முடிஞ்சுது. அதுக்கப்புறமும் வருஷக்கணக்கா அதைக் கழட்டாம வெச்சிருந்தது யாரு?

இன்னொரு விஷயம் மனசை அரிக்குது. 2014 வழக்குல தண்டனை வாங்கின அஞ்சு பேரும் அடுத்தவங்க கணக்குல புகுந்ததுக்காக உள்ள போனவங்க. பென்சில்வேனியாக்காரருக்கும் படங்கள் வெளிய போடப்பட்டதுக்கும் தொடர்பு இருக்கறதா ஆதாரம் கிடைக்கலைன்னு விசாரிச்சவங்களே சொன்னாங்க. ஏன்னா அன்னிக்கு அமெரிக்க மத்திய சட்டத்துல கம்ப்யூட்டருக்குள்ள திருட்டுத்தனமா நுழையறது குற்றம். ஒருத்தரோட அந்தரங்கப் படத்தை அவங்க சம்மதம் இல்லாம ஊருக்குக் காட்டறது தனிக் குற்றமா இல்ல. பூட்டை உடைச்சதுக்குத் தண்டனை, மானத்தை ஏலம் விட்டதுக்கு இல்ல. பறிகொடுத்த நடிகைகள்ல ஒருத்தர் அப்பவே ஒரு பத்திரிகையில, இதை கிசுகிசுன்னு சொல்லாதீங்க, இது பாலியல் குற்றம், பாத்தவங்களுக்கும் இதுல பங்கு இருக்குன்னு காட்டமா சொன்னாங்க. சட்டம் அந்த இடத்துக்கு வந்து சேர மே 2025 ஆச்சு. அந்த மாசம் கையெழுத்தான "டேக் இட் டவுன்" சட்டப்படி அப்படிப் போடறதே மத்திய குற்றம், புகார் வந்தா தளங்கள் 48 மணி நேரத்துக்குள்ள எடுக்கணும். பதினோரு வருஷம்!

தொழில்நுட்பத்துல ஒரு நல்ல விஷயமும் நடந்திருக்கு. 2021 டிசம்பர்ல ஸ்டாப்-என்சிஐஐன்னு ஒரு சேவை வந்துச்சு. படத்தை யார்கிட்டயும் தர வேண்டாம். உங்க போன்லயே அதுக்கு ஒரு கைரேகை மாதிரி ஹாஷ் எண் போட்டு, அந்த எண் மட்டும் போகும். சேந்திருக்கற தளங்கள் அந்த எண்ணோட பொருந்தற படம் வந்தா தடுத்துடும். முதல் தடவையா, பறிகொடுத்தவங்க பக்கம் நின்னு யோசிச்ச டிசைன்.

படிச்ச கையோட அஞ்சு நிமிஷம் செலவு பண்ணுங்க. மெயில் செட்டிங்ஸ்ல தெரியாத ஃபார்வர்டு முகவரி இருக்கான்னு பாருங்க. ரெண்டு கட்டப் பாதுகாப்பு போடுங்க. ரகசியக் கேள்வி இன்னும் எங்கயாவது கேட்டா, நிஜமான பதிலைக் குடுக்காதீங்க, பொய் சொல்லுங்க (தப்பே இல்ல). போனை ரிப்பேருக்குத் தர்றப்போ பேக்கப் எடுத்துட்டு முழுசா ரீசெட் பண்ணிக் குடுங்க.

அடுத்த தடவை இந்த மாதிரி ஏதாவது வெளிய வந்து, யாராவது உங்களுக்கு அனுப்பி வெச்சா, திறக்காம அழிங்க. ஏன் எடுத்தாங்கன்னு பக்கத்து சீட்டுக்காரர் கேட்டா, எப்படி வெளிய போச்சுன்னு திருப்பிக் கேளுங்க. தெரியலைன்னு சொன்னார்னா மேல இருக்கற நாலு கதையில ஒண்ணை எடுத்து விடுங்க.

தப்பு ஏதாவது இருந்தா பின்னூட்டத்துல சொல்லுங்க மக்களே, திருத்திடறேன். கும்மி அடிக்கறவங்க தாராளமா அடிக்கலாம், லிங்க் கேக்கறவங்க மட்டும் வேண்டாம் :-)